மூன்று நாள் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்துவிட்டேன், புற்றுநோய் வருமா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சிங்கப்பூரில் கேலாங் பக்கம் ஒரு பழைய கடைவீட்டில் மூன்று நாள் ஹேக்கிங் வேலை, அதாவது இடித்து உடைக்கும் வேலை. பின்கட்டுக் கூரையில் இருந்த நெளி ஷீட்டுகளைச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளியிருக்கிறீர்கள், முகத்தில் சாதாரண நீல மாஸ்க் மட்டும். நான்காம் நாள் வேறு கம்பெனிக்காரர் ஒருவர் வந்து "அது ஆஸ்பெஸ்டாஸ், கான்சர் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை, இருமலும் இருக்கிறது, எந்த டெஸ்ட் எடுத்தால் தெரியும் என்று கேட்கிறீர்கள். கடைசி இரண்டு வரியில்தான் உண்மையான பயம் இருக்கிறது: அடுத்த மாதம் ஊருக்குப் போகிறீர்கள், மனைவி கர்ப்பமாக இருக்கிறார், அந்தத் துணிகள் பெட்டியில் இருக்கின்றன, கம்பெனியிடம் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கவலை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். 22 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பழைய கட்டடங்களில் ஏறி இறங்கி, எதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறது, எதில் இல்லை என்று மாதிரி எடுத்துப் பார்ப்பதும், வேலையிடத்துக் காற்றை அளப்பதும்தான் என் தொழில். நான் மருத்துவர் இல்லை. தூசி, அளவு, வேலை முறை பற்றி நான் சொல்வதை நம்பலாம். உங்கள் நெஞ்சைப் பற்றி மருத்துவர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

நேரடிப் பதில் இதுதான்: மூன்று நாள் வேலையால் உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஆனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டிய அளவு இல்லை. எனக்கு உங்களைப் பற்றி இருக்கும் கவலை வேறு. இந்த மூன்று நாளுக்கு அப்புறம் இன்னொரு மூன்று நாள், அடுத்த வருடம் இன்னொரு பழைய வீடு என்று பத்து வருடம் ஓடிவிடக் கூடாது.

சரி, அது கல்நார்தானா? பக்கத்து கம்பெனிக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் கல்நார் பொருட்கள் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த சிமென்ட் ஷீட்டுகளில் செல்லுலோஸ் போன்ற வேறு நார்கள் சேர்த்தார்கள், பார்ப்பதற்கு அதே சாம்பல் நிறம், அதே நெளிவு. ஆனால் அந்தக் கடைவீடு போருக்கு முன் கட்டியது, கூரையைப் பிற்பாடு யாரும் மாற்றியதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கல்நார்தான் என்று வைத்துக்கொண்டு யோசிப்பதே புத்திசாலித்தனம்.

உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்திருந்தால் சில சமயம் ஒரு துப்புக் கிடைக்கும்: சிமென்ட்டுக்கு நடுவே, கிழிந்த துணி ஓரம் போல, மெல்லிய வெண்மையான மயிரிழைக் கற்றைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் இழுத்துப் பார்க்காதீர்கள். நாங்கள் மாதிரி எடுக்கும்போது அந்த இடத்தில் முதலில் தண்ணீரோடு ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்து தெளிப்போம். சோப்பு இருந்தால்தான் தண்ணீர் நாருக்குள் இறங்கும், இல்லையென்றால் மேலேயே உருண்டு ஓடிவிடும். நகக்கண் அளவு ஒரு துண்டு, இரண்டு பைக்குள் பை, எடுத்த இடத்தில் மேல்பூச்சு அடித்து மூடிவிடுவது, அவ்வளவுதான். ஆய்வகத்தில் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வெள்ளைக் கல்நார் தலைமுடி போல அலையலையாகச் சுருண்டு கிடக்கும், பழுப்பும் நீலமும் ஊசி போல நேராக நிற்கும். எந்த வகை என்று அங்கேதான் தெரியும்.

இது ஏன் ஆபத்து? கல்நார் ஒரு கனிமம், பாறையிலிருந்து வருவது. தீப்பிடிக்காது, மட்காது, எளிதில் கரையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் கூரைக்கும் குழாய்க்கும் பிரேக்குக்கும் கப்பல் கொதிகலனுக்கும் அதையே போட்டார்கள். உடைக்கும்போது அது நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், கடைசியில் கண்ணுக்கே தெரியாத இழைகள் ஆகிவிடும். வாசனை இல்லை, மூக்கை உறுத்தாது. மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும். அங்கே அழுக்கை விழுங்கித் தின்னும் செல்கள் இருக்கின்றன. சாதாரணத் தூசியை அவை விழுங்கி அப்புறப்படுத்திவிடும். ஆனால் நீளமான நார் அந்தச் செல்லைவிடப் பெரிது, பாதி விழுங்கி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட செல் அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இது நடக்கிற இடத்தில் தழும்பு விழுகிறது, சிலருக்குச் செல்லின் மரபணு கெட்டுப் புற்றுநோய் ஆகிறது.

இதனால் வரும் நோய்களில் சந்தேகமே இல்லாதவை இவை: நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். குரல்வளை, சினைப்பைப் புற்றுநோய்களுக்கும் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவு செய்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று அந்த அமைப்பு வகுத்த முதல் பிரிவில் எல்லா வகைக் கல்நாரும் இருக்கிறது. மீசோதீலியோமாவுக்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 33 நோயாளிகளை வைத்து எழுதினார்கள். அந்த 33 பேரில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், சுரங்கத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். வேலையிடத்துக் கல்நாரால் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உலகம் முழுக்க இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்த நோய்களில் மிகவும் கொடுமையானது காத்திருப்பு. மீசோதீலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். ஆஸ்பெஸ்டோசிஸ் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகள் கழித்துத்தான் மூச்சு வாங்குவதாகத் தொடங்கும். எனக்குத் தெரிந்த ஒரு அங்கிள், எழுபதுகளில் கப்பல் பட்டறையில் குழாய்களுக்குச் சூட்டுறை, அதாவது சூடு வெளியேறாமல் காக்கும் உறை, போடும் வேலை செய்தவர். கல்நார்ப் பொடியை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து குழாயில் அப்புவார்களாம். வேலை முடிந்து வெளியே வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும், பஞ்சு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி இருப்பேன் என்பார். எழுபது வயதில் அவருக்கு முதல் மாடி ஏறவே மூச்சு முட்டியது. மருத்துவர் முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டபோது, செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவர் அனுமதியோடு எனக்கும் கேட்கக் கொடுத்தார்கள். அது இன்னும் என் காதில் இருக்கிறது. தான் தொட்டது என்ன பொருள் என்று வேலை செய்த காலம் முழுக்க யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவரையும் உங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். எங்கள் துறையில் 'நார்-ஆண்டு' என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிலிட்டர் காற்றில் ஒரு நார் இருக்கும் இடத்தில் ஒரு வருடம் வேலை செய்தால் அது ஒரு நார்-ஆண்டு. சுமார் 25 நார்-ஆண்டு சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு இரட்டிப்பாகும் என்று 1997இல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் வரையறுத்தார்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிமென்ட் ஷீட்டில் நார்கள் சிமென்ட்டோடு இறுகி இருப்பதால், சூட்டுறைப் பொடி மாதிரி அவ்வளவு எளிதில் பறக்காது. இருந்தாலும் மோசமாகவே வைத்துக்கொள்வோம், ஒரு பேச்சுக்குக் காற்றில் 10 நார் என்று. வருடத்தில் 250 வேலை நாள், அதில் 3 நாள். 10 பெருக்கல் 3, வகுத்தல் 250, விடை 0.12. இருபத்தைந்தில் இருநூற்றில் ஒரு பங்கு. என் கணக்கில் ஊகம் இருக்கிறது, உங்கள் சைட்டில் அன்று யாரும் காற்றை அளக்கவில்லை. ஆனால் ஊகத்தை இரண்டு மடங்காக்கினாலும் முடிவு பெரிதாக மாறாது.

இனி உறுதியில்லாதவை. மீசோதீலியோமாவுக்கு "இந்த அளவுக்குக் கீழே போனால் வரவே வராது" என்று ஒரு கோடு யாரும் நிறுவவில்லை. அதனால்தான் பூஜ்யம் என்று சொல்ல மறுத்தேன். வெள்ளைக் கல்நார், நீலம், பழுப்பு அளவுக்கு மீசோதீலியோமா தருவதில்லை என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள், எத்தனை மடங்கு குறைவு என்பதில்தான் சண்டை. வெள்ளை பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது விற்பவர்கள் பேச்சு. கல்நார்க் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதால் புற்றுநோய் வரும் என்பதற்கு இதுவரை நிலையான ஆதாரம் இல்லை. மூச்சில் போவதுதான் நிரூபணமான வழி. அப்புறம், தனி ஒரு மனிதனுக்கு வருமா வராதா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. கணக்கு ஆயிரம் பேருக்குப் பேசும், ஒருவருக்குப் பேசாது.

உங்கள் இருமலுக்கு வருவோம். கல்நார் மூன்று நாளில் இருமல் தராது, அது அவ்வளவு சீக்கிரம் அடையாளம் காட்டுவதில்லை. பழைய சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் தூசியால் தொண்டை எரிந்து இருமல் வந்திருக்கலாம், அல்லது தங்குவிடுதியில் சுற்றும் சளியாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லையென்றால், சளியில் ரத்தம், காய்ச்சல், எடை இறங்குதல் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள், காசநோயும் இப்படித்தான் தொடங்கும். ஹேக்கிங் வேலை செய்யும் உங்களுக்கு நான் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டிய இன்னொன்று சிலிக்கா. கான்கிரீட்டை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கிற தூசியில் அது இருக்கிறது, கல்நார் இல்லாத சைட்டிலும் இருக்கிறது, அதுவும் நுரையீரலைத் தழும்பாக்கும், புற்றுநோயும் தரும். ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிற நம் ஆட்கள், தினமும் விழுங்குகிற கான்கிரீட் தூசியைக் கண்டுகொள்வதில்லை, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

டெஸ்ட்? இப்போது எதுவும் இல்லை. ரத்தத்திலோ சிறுநீரிலோ தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் சுத்தமாக இருக்கும். கல்நார் நோய் பின்னால் வந்தாலும் வராவிட்டாலும் இன்றைக்கு அதன் அடையாளம் எதுவும் தெரியாது, ஆகவே அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாராவது பணம் பிடுங்கப் பார்த்தால் இடம் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்யக்கூடியதில் மிகப் பெரியது ஒன்று இருக்கிறது: புகைபிடிப்பவராக இருந்தால் நிறுத்துங்கள். 1979இல் அமெரிக்காவில் சூட்டுறைத் தொழிலாளர்களை வைத்து வந்த ஆய்வில், கல்நார் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல். அவர்கள் வருடக்கணக்கில் தூசியில் இருந்தவர்கள், அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பெருக்கிவிடும் என்பது உங்களுக்கும் பொருந்தும்.

அந்தத் துணிகளை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். உதறாமல், லேசாக நனைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டுங்கள். கல்நார் என்று உறுதியானால் அது குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, நச்சுக் கழிவு அகற்ற உரிமம் பெற்றவர்களிடம்தான் போக வேண்டும், அந்தப் பொறுப்பு கம்பெனியுடையது. பூட்ஸையும் பெட்டியின் உள்பக்கத்தையும் ஈரத் துணியால் துடைத்து, துடைத்த துணியையும் அந்தப் பையிலேயே போடுங்கள். இது வெறும் எச்சரிக்கை உணர்வு இல்லை. 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இருவர் மீசோதீலியோமா வந்தவர்களின் கதைகளைத் தேடியபோது, கல்நார்த் தொழிற்சாலைக்குள் காலே வைக்காத பெண்கள் இருந்தார்கள். வேலையிலிருந்து வந்தவரின் சட்டையைத் துவைத்தவர்கள். உங்கள் மனைவிக்கு இதுவரை ஆபத்து இல்லை, துணி இன்னும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் உடம்பில் தங்கி அவருக்குத் தொற்றுகிற பொருளும் இது இல்லை. குளித்துவிட்டுச் சுத்தத் துணியில் போங்கள், மனைவி அருகில் நிம்மதியாக இருங்கள்.

ஊரில் உங்கள் வீட்டுக் கூரையும் சிமென்ட் ஷீட்தான் என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் அது இன்னும் விற்பனையில் இருக்கிறது. உடையாமல், துளை போடாமல் மேலே கிடக்கும் ஷீட் கீழே படுத்திருப்பவரை ஒன்றும் செய்யாது. மழைக்கு முன் கம்பி பிரஷ் போட்டுப் பாசி தேய்ப்பதும், மெஷினால் அறுப்பதும், உடைந்த துண்டுகளை வாசலில் கொட்டி நிரவுவதும்தான் வேண்டாம். அப்பாவிடம் இதைச் சொல்லிவைங்கள்.

இப்போது கம்பெனி விஷயம். சிங்கப்பூரில் 2014இல் கல்நாருக்கென்று தனி வேலையிடப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1991க்கு முன் கட்டிய கட்டடத்தில் இடிப்பு, புதுப்பிப்பு வேலை தொடங்கும் முன், தகுதி பெற்றவர் வந்து கல்நார் இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும். இருந்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், அகற்றும் வேலையை அங்கீகாரம் பெற்ற குத்தகையாளர்தான் செய்ய வேண்டும். சுத்தியலைக் கொடுத்து உங்களை மேலே ஏற்றியது சட்டப்படி சரியான வேலை இல்லை. ஆகவே நீங்கள் குற்றவாளி போல ஒளிய வேண்டியதில்லை. சூப்பர்வைசரிடம் சண்டையாகக் கேட்காமல், "இந்தக் கட்டடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் சர்வே ரிப்போர்ட் இருக்கிறதா, பார்க்கலாமா" என்று ஒரு கேள்வி கேளுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில், எழுத்தில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ சொல்லலாம். அதிகாரிகளிடம் சொன்னதற்காக ஊழியரை வேலையை விட்டு நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் அடையாத ஒருவருக்கு அந்தச் சட்டம் எவ்வளவு தைரியம் தரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்று நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் அடுத்த சைட்டில் மறுபடி ஷீட் உடைக்கச் சொன்னால் ஏறாதீர்கள், அதில் மட்டும் உறுதியாக இருங்கள். என்95 மாஸ்க் போட்டால் போதும் என்று சொல்வார்கள், போதாது. இந்த வேலைக்கு முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் ரப்பர் முகமூடியும் அதற்கான நுண்வடிகட்டியும் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் பயனில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இந்தப் பதிலில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எந்தத் தேதிகள், எந்த முகவரி, என்ன பொருளை உடைத்தீர்கள், எந்தக் கருவி, எத்தனை மணி நேரம், என்ன மாஸ்க், கூட யார் யார் இருந்தார்கள், அப்போது உங்கள் கம்பெனி எது, மேல் குத்தகையாளர் யார். படம் எடுத்திருந்தால் அழிக்காமல் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதிச் சீட்டின் படமும் அதோடு இருக்கட்டும். ஆஸ்பெஸ்டோசிஸும் மீசோதீலியோமாவும் சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்சார் நோய்களாகப் பட்டியலிடப்பட்டவை. ஆனால் நோய் வர முப்பது வருடம் ஆகும்போது கம்பெனி இருக்காது, கட்டடம் இருக்காது, சூப்பர்வைசர் எங்கேயோ இருப்பார். அந்த அங்கிளுக்கு எந்தக் கப்பலில் எந்த வருடம் வேலை செய்தோம் என்றே ஞாபகம் இல்லை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மகளின் முகத்தைப் பார்த்தார். பிற்காலத்தில் உங்களுக்கு எந்த நெஞ்சு நோய் வந்தாலும், அந்த நோட்டைப் பார்த்தால்தான் மருத்துவர் சரியான திசையில் தேடத் தொடங்குவார்.

இன்னும் இரண்டு விவரம் எழுதுங்கள். ஷீட்டை வட்ட பிளேடு மெஷினால் அறுத்தீர்களா, சுத்தியலால் மட்டும் உடைத்தீர்களா? அறுத்திருந்தால் தூசி பல மடங்கு, என் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். உடைத்த துண்டுகள் இன்னும் அந்தப் பின்கட்டில் கிடக்கின்றனவா, லாரியில் போய்விட்டனவா? கிடந்தால் யாரும் உலர்ந்த விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம் என்று இன்றிரவே உங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.